பன்னிரண்டு வரித் திருத்தம் தொள்ளாயிரம் வரியான கதை

கேள்வி: அக்கா, நாங்கள் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்த ஐந்து பேர். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் கிலோக் கணக்கைத் தொழிலாளர்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு செயலியைத் திறந்த மூல மென்பொருளாக எழுதி வருகிறோம். பின்புறம் பைத்தான் மொழியும் அதற்கான ஜாங்கோ கட்டமைப்பும், முன்புறம் ஜாவாஸ்கிரிப்ட். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும், கொழும்பிலிருந்து ஒரு சிங்கள நண்பரும், கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் அவ்வப்போது நிரல் எழுதி அனுப்புகிறார்கள். சென்ற மாதம் எங்களில் ஒருவர் அரைப்பேர் கணக்கில் 12 வரிகளைத் திருத்தினார். அவர் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் சேமிக்கும்போதே கோப்புகளைத் தன் பாணிக்கு மாற்றிவிட்டதால் 900 வரிகள் மாறியதாகக் காட்டியது. ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, டேப்பா ஸ்பேஸா என்று இரண்டு வாரம் வாதாடிவிட்டு, கடைசியில் அதை அப்படியே சேர்த்துக்கொண்டோம். மனம் நொந்து அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். நிரலை ஒரே பாணிக்கு மாற்றித்தரும் தானியங்கிக் கருவி, அதாவது ஃபோர்மட்டர், ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் முடிவு செய்திருக்கிறோம். பைத்தானுக்கான ஃபோர்மட்டர்களில் பிளாக் நல்லதா, ரஃப் நல்லதா? எல்லா நிரலையும் ஒரே நாளில் மாற்றுவதா, தொடும் கோப்புகளை மட்டும் மாற்றிக்கொண்டே போவதா?
– தலவாக்கலை வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். அந்த 900 வரிகளுக்குள் கிடந்த 12 வரிகளை உங்களில் யாராவது உண்மையில் வாசித்தீர்களா?

வாசித்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, அது யாராலும் முடியாது. மேற்கோள் மாறிய வரிகளும் இடைவெளி நகர்ந்த வரிகளும் சிவப்பும் பச்சையுமாகத் திரையை நிறைத்தால் பத்தாவது நிமிடத்திலேயே கண் களைத்துவிடும். ஆனால் அந்த 12 வரிகள் எதைப் பற்றியவை? அரைப்பேர். அரை நாள் சம்பளம். தோட்டத்தில் வைத்த அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ‘18 கிலோவோ அதற்கு மேலோ பறித்தால் முழுப்பேர்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சமக்குறி விடுபட்டால் ‘18 கிலோவுக்கு மேல் பறித்தால் முழுப்பேர்’ என்று ஆகிவிடும். சரியாக 18 கிலோ நிறுத்த பெண்ணுக்கு அன்று அரைப்பேர்தான் திரையில் தெரியும். விடுபட்டது ஒரே ஒரு குறி. மீதி 888 வரிகளின் நடுவே அதை யார் கண்டுபிடிப்பது? இடைவெளி மாற்றங்களை மறைத்துக் காட்டும் வசதி, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும் இருக்கிறது, அந்த நிரலை இணையத்தில் பகிரும் கிட்ஹப்பிலும் இருக்கிறது. மேற்கோள் மாற்றங்களை அது மறைக்காது. ஆனாலும் பாதிச் சுமை குறையும். ஃபோர்மட்டரைத் தேர்வதற்கு முன்பே அந்தத் திருத்தத்தை அப்படித் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எது அழகு என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் ஃபோர்மட்டரைப் பற்றிய பேச்செல்லாம் சண்டையில் முடிகிறது. அழகுக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. ஒருவர் 12 வரிகளை மாற்றினால் பார்ப்பவர் கண்ணுக்கு 12 வரிகள் மட்டுமே தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கருவி.

என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறித்தவர். மட்டக்கம்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். செடிகளின் மேல் அந்தக் கம்பைப் படுக்கவைத்து, அதற்கு மேலே எழுந்து நிற்கும் கொழுந்தை மட்டும் பறித்துக்கொண்டு போவார்கள். எந்த மட்டம் சிறந்தது என்று நிரையில் நிற்கும் இருபது பேரும் நின்று பேசுவதில்லை. கம்பு கிடக்கிறது, கை வேலை செய்கிறது. மட்டம் ஒன்றாக இருப்பதால் ஒரு செடி மட்டும் தாழ்ந்து கிடந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

மென்பொருள் உலகில் இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள் கோ (Go) என்ற நிரல்மொழிக்காரர்கள். 2009இல் அந்த மொழியைத் திறந்த மூலமாக வெளியிட்டபோதே கோ-ஃபம்ட் என்ற வடிவூட்டும் கருவியையும் கூடவே கொடுத்தார்கள். பாணியை மாற்றுவதற்கான தெரிவுகள் அதில் கிடையாது. வரிகளை டேப்பால் உள்ளே தள்ளும், அவ்வளவுதான். அந்தக் கருவியின் பாணி யாருக்கும் மிகப் பிடித்த பாணி அல்ல, ஆனால் கருவியை எல்லோருக்கும் மிகப் பிடிக்கும் என்று அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் ஒரு பழமொழி போலச் சொல்வார். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் ஜேம்ஸ் லாங் வெளியிட்ட ப்ரிட்டியரும், பைத்தானுக்கு 2018இல் வூக்காஷ் லாங்கா வெளியிட்ட பிளாக்கும் அதே வழியில் வந்தவை. கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறத்தையும் தேர்ந்துகொள்ளலாம் என்று கார் விற்ற ஹென்றி ஃபோர்ட் சொன்னதாக வழங்கும் வாசகத்திலிருந்துதான் பிளாக் என்ற பெயர் வந்தது. பெயரிலேயே பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் நான் இந்த வகைக் கருவிகளை விரும்புகிறேன். நூறு குமிழ்களைத் திருகி விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் கருவிகளும் பைத்தானுக்கு உண்டு; 2015இல் கூகுளிலிருந்து வந்த யாப்ஃப் அப்படிப்பட்டது. திறமையான கருவிதான். ஆனால் ஒவ்வொரு குமிழும் உங்கள் குழுவுக்கு இன்னொரு இரண்டு வாரச் சண்டை. ஐந்து பேர் வேலைக்குப் போய்வந்து இரவில் எழுதும் செயலிக்கு அந்த வசதி வேண்டாம்.

இனி பிளாக்கா ரஃப்பா என்பது. உங்களுக்கு நான் ரஃப்பைச் சொல்வேன். பலரும் காட்டும் காரணம் வேகம். ரஸ்ட் மொழியில் எழுதியது, பிளாக்கைவிடப் பல மடங்கு வேகமானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சில ஆயிரம் வரிகள் கொண்ட ஒரு செயலிக்கு இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்; வேகத்தைப் பார்த்துத் தேர்வது வீண். என் காரணம் வேறு. வடிவூட்டுவது, இம்போர்ட் வரிகளை ஒழுங்குபடுத்துவது, பயன்படாத மாறிகளைச் சுட்டிக்காட்டுவது என்று முன்பு மூன்று நான்கு கருவிகள் செய்த வேலையை ரஃப் ஒன்றே செய்கிறது. மழைக்காலத்தில் சிக்னல் தேடி லயத்துக்கு மேலே ஏறி நிற்பவர்கள், டேட்டா பெக்கேஜ் முடிவதற்குள் எதையாவது இறக்கிக்கொள்ள நினைப்பவர்கள், இறக்கவேண்டியது ஒன்றே ஒன்று என்பதன் அருமையை அறிவார்கள். 2023 அக்டோபரில் ரஃப்பின் ஃபோர்மட்டர் வந்தபோது, ஜாங்கோ போன்ற பிளாக் பாணித் திட்டங்களில் 99.9 சதவீதத்துக்கும் அதிகமான வரிகளைப் பிளாக்கைப் போலவே தரும் என்று அதன் ஆசிரியர்கள் அறிவித்தார்கள். ஆகவே நாளைக்கு மனம் மாறிப் பிளாக்குக்குப் போனாலும் பெரிய நட்டம் இல்லை.

பிளாக்கில் நான் மதிக்கும் ஒரு குணம் ரஃப்பில் இல்லை. வடிவூட்டி முடித்ததும், புதிய நிரலின் தொடரமைப்பு மரம், அதாவது கணினி புரிந்துகொள்ளும் இலக்கண அமைப்பு, பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்று பிளாக் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். பொருள் மாறியிருந்தால் கோப்பைத் தொடாது. ரஃப்பை எடுத்துக்கொண்டால் அந்தக் காவலை நீங்கள்தான் செய்யவேண்டும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் சோதனை நிரல்களை ஓட்டிப் பாருங்கள். அரைப்பேர் கணக்குக்குச் சோதனை நிரலே இல்லையென்றால் ஃபோர்மட்டர் பேச்சை இரண்டு நாள் ஒத்திவைத்து அதை முதலில் எழுதுங்கள். 17.9 கிலோ, 18 கிலோ, 18.1 கிலோ: இந்த மூன்றும் கட்டாயம்.

எதை எடுத்தாலும் அது தரும் இயல்பான அமைப்பை மாற்றாதீர்கள். ஒரு வரிக்கு 88 எழுத்து அகலம், இரட்டை மேற்கோள், நான்கு ஸ்பேஸ். பைத்தானின் பாணி வழிகாட்டியான பெப் 8 சொல்லும் 79 ஏன் 88 ஆனது என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். டேப் விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் குழுவில் இருந்தால், உள்தள்ளலின் அகலத்தைத் தன் திரைக்கேற்ப அவரே அமைத்துக்கொள்ள டேப் இடம் கொடுக்கும். அப்படி ஒருவர் இருந்தால் ரஃப்பில் டேப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிளாக்கில் அந்தத் தெரிவு இல்லை. யாரும் இல்லையென்றால் ஸ்பேஸ், பேச்சு முடிந்தது.

ஜாவாஸ்கிரிப்டுக்கு ப்ரிட்டியர் போதும். பயோம் என்று புதிதாக ஒன்று இருக்கிறது, நல்லதுதான், ஆனால் ப்ரிட்டியர் சிஎஸ்எஸ், மார்க்டவுன், யாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜாங்கோவின் டெம்ப்ளேட் கோப்புகளை, அதாவது வலைப்பக்க வார்ப்புகளை, ப்ரிட்டியரிடம் கொடுக்காதீர்கள். பெயர் எச்டிஎம்எல் என்று முடிவதால் அது நம்பி உள்ளே போய், ஜாங்கோவுக்கே உரிய குறிகள் புரியாமல் வரிகளைக் கண்டபடி மடித்துவைக்கும். விலக்குக் கோப்பில் அந்த அடைவின் பெயரை முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.

பதிப்பு எண்ணையும் பூட்டிவையுங்கள். ப்ரிட்டியர் 2023இல் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி வைப்பதை இன்னும் பல இடங்களுக்கு இயல்பாக்கியது. ஹட்டனில் ஒருவரிடம் இரண்டாம் பதிப்பும் நானுஓயாவில் ஒருவரிடம் மூன்றாம் பதிப்பும் இருந்தால், ஒருவர் வைத்த காற்புள்ளியை மற்றவர் எடுப்பதும் மறுநாள் திரும்ப வைப்பதுமாக உங்கள் பழைய சண்டையைக் கருவிகளே தொடரும். பிளாக் தன் நிலையான பாணியை ஓர் ஆண்டுக்குள் மாற்றுவதில்லை, மாற்றங்களை ஆண்டின் முதல் வெளியீட்டில் கொண்டுவரும் என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறது. நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து, பதிப்பை உயர்த்தினால் போதும். விண்டோஸ் லெப்டொப்பும் லினக்ஸ் லெப்டொப்பும் கலந்திருந்தால் வரி முடிவுக் குறிகளும் இதே போல ஆடும். அதைக் கிட்டின் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே வரியில் அடக்கிவிடலாம்.

தமிழில் பெயர்களும் சொற்களும் உள்ள நிரல் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘கொழுந்து’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது எட்டுக் குறிகள். வரியின் அகலத்தை எண்ணும்போது ஒவ்வொரு கருவியும் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் வெவ்வேறு விதமாக எண்ணுகிறது. அதனால் உங்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் ஒரு வரியை ஃபோர்மட்டர் மடித்துவைத்தால் திகைக்கவேண்டாம். மேற்கோளுக்குள் இருக்கும் தமிழை அது தொடாது.

தொடாது என்பதில் நிம்மதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ‘கொ’ என்பதை இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட்டால் கணினி வேறு என்று சொல்லும். இப்படி வேறுபடும் குறிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடின் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செயலிக்குள் நுழையும் எல்லாப் பெயர்களுக்கும் செய்துவிட்டால் இது தீரும். ‘ஸ்ரீ’ மட்டும் அதிலும் தீராது. அதை ஸகரத்தோடும் எழுதலாம், ஶகரத்தோடும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. மலையகத்தில் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டை, திறந்தால் ஸ்ரீயில் தொடங்கும் பெயர் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிறுவையில் ஒரு ஸ்ரீயும் சம்பளப் பட்டியலில் இன்னொரு ஸ்ரீயும் பதிவாகியிருந்தால் அந்த மாதக் கிலோ அவர் கணக்கில் சேராது. இதை எந்த ஃபோர்மட்டரும் காட்டித்தராது. அதற்கு நீங்களே ஒரு சிறிய சோதனை எழுதவேண்டும். மேற்கோள் சண்டையில் போன அந்த இரண்டு வாரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாகத்தான் இருக்கிறது.

கையால் நேர்த்தியாக அடுக்கிய அட்டவணை ஏதாவது இருந்தால், உதாரணமாக டிவிஷன் வாரியாக அளவும் கூலியும் போட்ட பட்டியல், அதற்கு மட்டும் ஃபோர்மட்டரை நிறுத்திவைக்கும் குறிப்பை மேலும் கீழும் எழுதிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். திட்டம் முழுவதிலும் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் அது வரக்கூடாது.

ஒரே நாளிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா? ஒரே நாளில். தொடும் கோப்பை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு திருத்தத்திலும் நிஜ மாற்றமும் வெறும் இடைவெளி மாற்றமும் கலந்தே வரும். அந்த 900 வரி நோயைத் தவணை முறையில் வாங்கிக்கொள்வதற்குச் சமம் அது. கவ்வாத்து மலையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்த மலையையும் ஒரே தடவையில் வெட்டிவிடுகிறார்கள். ஒரு செடியை இன்றும் பக்கத்துச் செடியை அடுத்த மாதமும் யாரும் வெட்டுவதில்லை. நீங்கள் பயன்படுத்தும் ஜாங்கோவே அப்படித்தான் செய்தது. பிளாக்குக்கு மாறுவது என்று 2019இலேயே முடிவெடுத்தார்கள். பிளாக் சோதனை நிலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, 2022 பெப்ரவரியில் அவ்வளவு பெரிய நிரலையும் ஒரே அடியாக மாற்றினார்கள்.

எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு என்னிடம் கதை இருக்கிறது. கொழும்பில் முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், எனக்கே தோன்றிய யோசனை, ஒரு வெள்ளி மாலை யாரிடமும் சொல்லாமல் முழு நிரலையும் வடிவூட்டிச் சேர்த்துவிட்டு ஹட்டன் பஸ் ஏறிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது. திங்கட்கிழமை போனால், பாதியில் வேலை நடந்துகொண்டிருந்த கிளைகள், அதாவது ஒவ்வொருவரும் தனியாக எழுதிக்கொண்டிருந்த நிரல் நகல்கள், அத்தனையும் மோதிக்கொண்டு நிற்கின்றன. அதைப் பிரித்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் என்னோடு யாரும் தேநீர் குடிக்க வரவில்லை.

ஆகவே ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் கோவைக்கும் தனியாக எழுதுங்கள். திறந்து கிடக்கும் திருத்தங்களை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு ஒரே கொமிட், அதாவது கிட்டில் ஒரே மாற்றப் பதிவு, அதில் ஃபோர்மட்டர் செய்த மாற்றத்தைத் தவிர ஓர் எழுத்துத் திருத்தம்கூட இருக்கக்கூடாது. எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது பிரதான கிளையில் சேர்ந்த பிறகு, அந்தக் கொமிட்டின் நாற்பது இலக்க அடையாளத்தை, கண்டுகொள்ளாமல் விடவேண்டிய கொமிட்டுகளின் பட்டியலான இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் எழுதிவையுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல் அந்த வசதி இருக்கிறது. கிட்ஹப்பும் 2022 முதல் மதிக்கிறது. அதன்பின் ஒரு வரியை யார் எழுதினார் என்று பிளேம் செய்து பார்த்தால் வடிவூட்டியவர் பெயர் வராமல் உண்மையில் எழுதியவர் பெயரே பெரும்பாலும் வரும். ‘சேர்ந்த பிறகு’ என்று சொன்னதைக் கவனியுங்கள். திருத்தங்களை ஒன்றாக நசுக்கிச் சேர்க்கும் முறையை வைத்திருந்தால் அடையாளம் மாறிவிடும். முன்கூட்டி எழுதியது பயனற்றுப் போகும்.

வெளியிலிருந்து அனுப்புபவர்கள் கொமிட் செய்யும்போதே ஃபோர்மட்டரை ஓட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். உங்கள் பக்கத்தில், திருத்தம் வந்ததும் தானாக ஓடும் சோதனையில், சரிபார்க்க மட்டும் சொல்லுங்கள். முதல் முறை அனுப்பும் ஒருவருக்குச் சிவப்புக் குறி மட்டும் பதிலாகப் போனால் அவர் திரும்ப வரமாட்டார். எந்த ஒரு கட்டளையை ஓட்டினால் சரியாகும் என்பதை வழிகாட்டிக் கோப்பில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். அதையும் செய்யத் தெரியாதவருக்கு உங்களில் ஒருவர் ஓட்டிக்கொடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

விலகிப்போன நண்பருக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. ஒரு மட்டமும் வைக்காத மலையில் தன் கைக்குத் தெரிந்த மட்டத்தில் பறித்திருக்கிறார், அவ்வளவுதான். முதலில் அந்த 12 வரிகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். மேற்கோள் பேச்சை எடுக்காதீர்கள். பேச்சு சரியாகப் போனால், அந்தப் பெரிய கொமிட்டை அவரையே தன் பெயரில் போடச் சொல்லுங்கள். இந்த முறை ஆயிரக்கணக்கான வரிகளை மாற்றப்போகிறார். இக்னோர்-ரெவ்ஸ் கோப்பு இருப்பதால் யாரும் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.